முதலில் அனுப்பியவர் யார் என்று கேட்காதீர்கள்

வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு செய்தியை முதன்முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடித்துக் கொடுத்தே தீர வேண்டும் என்கிற கோரிக்கையை ஏதோ டெல்லிக்காரர்களின் விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட்டோம். அதன் முக்கியமான முதல் அத்தியாயம் நடந்தது சென்னை உயர் நீதிமன்றத்தில். 2018இல் அங்கே இரண்டு மனுக்கள் தாக்கலாயின. இணையத்தில் அவதூறும் மிரட்டலும் பெருகிவிட்டன, எனவே மின்னஞ்சல் கணக்கு, சமூக ஊடகக் கணக்கு எல்லாவற்றையும் ஆதாரோடு கட்டிவிடுங்கள் என்பது கோரிக்கை. ஆதாரோடு கட்டுவதை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் வழக்கை அத்தோடு விடவும் இல்லை. அனுப்பியவரைப் பிடிக்க வேறு என்ன வழி என்று விசாரணை நீண்டது.

2019இல் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வி. காமகோடி ஒரு வழி சொன்னார். பின்னாளில் அந்த நிறுவனத்தின் இயக்குநரானவர் அவர். ஒவ்வொரு செய்தியோடும் அதை முதலில் உருவாக்கியவரின் அடையாளத்தையும் சேர்த்தே அனுப்பிவிடலாம் என்பது யோசனை. ஐஐடி பாம்பே பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் இதை மறுத்தார். மோசடிக்காரன் அடுத்தவர் தலையில் பழியைக் கட்டுவதற்குத்தான் இது உதவும் என்பது அவர் வாதத்தின் சாரம். ஃபேஸ்புக் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு சென்னையை விட்டுப் போய்விட்டது. யோசனை போகவில்லை. 2021 பிப்ரவரி 25 அன்று ஒன்றிய அரசு வெளியிட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4(2) என்ற எண்ணில் வந்து உட்கார்ந்துகொண்டது. 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள செய்திச் செயலி எதுவானாலும், உத்தரவு வந்தால் முதல் அனுப்புநரை அடையாளம் காட்டும் வசதி அதனிடம் இருந்தாக வேண்டும்.

வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர், குறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் வாட்ஸ்அப் இந்தியாவை விட்டே போய்விடும் என்று நீதிபதிகளிடம் சொன்னார். நம்மாட்கள் அதற்கு மீம் போட்டார்கள். குட் மார்னிங் மெசேஜ் தொல்லை ஒழிந்தது என்று சிரித்தார்கள். நானும் ரெண்டு மீமுக்குச் சிரித்தேன், அதில் தப்பில்லை. ஆனால் இலக்கியம் படிக்கிறவர்கள், பேச்சுரிமைக்காக அறிக்கை விடுகிறவர்கள், கூட்டறிக்கையில் கையெழுத்துப் போடுவதையே தனித் தொழிலாக வைத்திருக்கிறவர்கள் இந்த விதியைப் பற்றி அநேகமாக வாயே திறக்கவில்லை. அந்த மௌனத்தோடுதான் எனக்குச் சண்டை. 4(2) நீக்கப்பட வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்களில் முன்வரிசையில் நிற்க வேண்டியவர்கள் தமிழில் எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும். ஏன் என்று சொல்கிறேன்.

*

முதலில் குறியாக்கம் என்றால் என்ன என்பதை ஒருமுறை நேராகப் பார்த்துவிடுவோம். எதிர்ப்பவர், ஆதரிப்பவர் இரண்டு தரப்பிலும் இது பலருக்குப் புரியவில்லை.

திண்டுக்கல் பூட்டை வைத்துச் சொல்கிறேன். என்னிடம் ஒரே ஒரு சாவி இருக்கிறது. அந்தச் சாவிக்கு மட்டும் திறக்கிற பூட்டுகளை ஆயிரக்கணக்கில் செய்து, திறந்த நிலையிலேயே ஊர் முழுக்கக் கொடுத்துவிடுகிறேன். எனக்குக் கடிதம் அனுப்ப நினைப்பவர் அதை ஒரு பெட்டிக்குள் வைத்து என் பூட்டை அமுக்கிவிட்டால் போதும். அமுக்கிய அவராலேயே இனி அதைத் திறக்க முடியாது. பெட்டியைச் சுமந்து வருகிற தபால்காரராலும் முடியாது. 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் உலகத்துக்குச் சொன்ன யோசனையின் எளிய வடிவம் இது. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் எல்லாப் பயனர்களுக்கும் கொண்டுவந்த முனைக்கு முனை குறியாக்கம் இந்த வழியில் வந்த குழந்தைதான். ஒரு முனை நீங்கள், இன்னொரு முனை உங்கள் நண்பர். நடுவில் நிற்கும் நிறுவனம் வெறும் தபால்காரர்.

இப்போது அரசு சொல்கிறது: ‘நல்லவர்கள் பெட்டியை நாங்கள் தொட மாட்டோம், கெட்டவன் பெட்டியை மட்டும் திறக்க ஒரு வழி வேண்டும்.’ கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பூட்டுக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. கெட்டவன் பெட்டியைத் திறக்கிற மாஸ்டர் சாவி எல்லார் பெட்டியையும் திறக்கும். அப்படி ஒரு சாவி இருக்கிறது என்றாலே அது ஒருநாள் களவு போகும். அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிகளைச் சோதிக்க அதிகாரிகளிடம் மாஸ்டர் சாவிகள் உண்டு. அந்தச் சாவிகளின் புகைப்படம் ஒரு நாளிதழில் வெளியானது. 2015இல் அந்தப் படத்தை வைத்தே முப்பரிமாண அச்சில் சாவி செய்துகொள்ளும் கோப்பு இணையத்துக்கு வந்துவிட்டது.

இதைவிடப் பெரிய உதாரணங்களும் இருக்கின்றன. காவல்துறை சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்காகத் தொலைபேசி இணைப்பகங்களில் வைக்கப்பட்ட மென்பொருள் வசதி, 2004-05இல் கிரீஸ் நாட்டில் யாரோ ஒருவர் கைக்குப் போய்விட்டது. பிரதமர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோரின் கைபேசிகள் மாதக்கணக்கில் ஒட்டுக்கேட்கப்பட்டன. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தொலைபேசி நிறுவனங்களை ஒட்டுக்கேட்பு வாசல் வைக்கச் சொன்னது. சீன அரசோடு தொடர்புடையவர்கள் என்று அமெரிக்கா சொல்லும் ஊடுருவல்காரர்கள் அந்த அமைப்புகளுக்குள் நுழைந்திருந்தது 2024இல் வெளியே வந்தது. அதன் பிறகு என்ன நடந்தது தெரியுமா? குறியாக்கம் விசாரணைக்குத் தடை என்று வருஷக்கணக்காகப் புலம்பிக்கொண்டிருந்த அதே அமெரிக்க அரசின் அதிகாரிகள், ‘குறியாக்கம் உள்ள செயலிகளைப் பயன்படுத்துங்கள்’ என்று மக்களுக்கு அறிவுரை சொன்னார்கள். கொல்லைப்புறக் கதவு வைத்த வீட்டில் திருடன் புகுந்த பிறகு வந்த ஞானம்.

*

இந்த இடத்தில் அரசுத் தரப்பு ஒரு சாமர்த்தியமான பதிலைச் சொல்லும். ‘நாங்கள் கடிதத்தைப் படிக்கக் கேட்கவே இல்லையே. 4(2) விதியைப் படித்துப் பாருங்கள். உள்ளடக்கத்தைத் தரத் தேவையில்லை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. யார் முதலில் அனுப்பினார் என்பதை மட்டும்தான் கேட்கிறோம். அதுவும் பெரிய குற்றங்களுக்கு மட்டும்.’

உண்மைதான், விதியில் அப்படி எழுதியிருக்கிறது. ஆனால் அந்த ‘மட்டும்’ என்ற சொல்லில்தான் ஏமாற்று இருக்கிறது.

நாளைக்கு எந்தச் செய்தியைப் பற்றி உத்தரவு வரும் என்று இன்று யாருக்கும் தெரியாது. ஆகவே, என்றோ ஒருநாள் ஒரு செய்தியின் மூலத்தைச் சொல்ல வேண்டுமானால், இன்றைக்கே எல்லாச் செய்திகளிலும் அடையாளம் குத்தி வைக்க வேண்டும். இந்தியாவில் 40 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்புகிற காதல் கடிதம், கடன் கேட்கும் கெஞ்சல், டாக்டருக்கு அனுப்பும் படம், தொழிற்சங்கக் கூட்டத்துக்கான அழைப்பு எல்லாவற்றின் மேலும் முத்திரை. ஒருவரைப் பிடிக்க 40 கோடிப் பேரிடமும் முன்கூட்டியே கைரேகை வாங்கி வைக்கும் ஏற்பாடு இது.

விதியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. முதல் அனுப்புநர் வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவுக்குள் அதை முதலில் அனுப்பியவரே முதல் அனுப்புநராகக் கருதப்படுவார். துபாயில் இருக்கும் சித்தப்பா அனுப்பிய வீடியோவை, பேத்திக்குக் காட்டலாம் என்று குடும்பக் குழுவில் போட்ட அத்தை சட்டத்தின் கண்ணில் அதன் கர்த்தா ஆகிவிடுவார். ஒரு பதிவைக் கண்டிப்பதற்காக அதை நகலெடுத்து ஒட்டிய பத்திரிகையாளரும் அப்படித்தான் ஆவார்.

சரி, இதெல்லாம் தொழில்நுட்பச் சிக்கல், சரிசெய்துகொள்ளலாம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ‘யார் என்பது மட்டும்’ சின்ன விஷயமா?

தமிழ் இலக்கியம் படித்தவர்களிடம் இதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அகத்திணைப் பாட்டில் தலைவனையும் தலைவியையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. காமம், பிரிவு, ஏக்கம், ஊடல், பரத்தையிடம் போனவன் மேல் கோபம் என்று எதையும் பாடலாம். உள்ளடக்கத்துக்குப் பெரிய தடை இல்லை. பெயருக்குத்தான் தடை. பெயர் வந்தால் அகம் புறமாகிவிடும். நெடுநல்வாடை பற்றிய பழைய தகராறு நினைவிருக்கிறதா? தலைவி பிரிவில் தவிக்கிறாள், தலைவன் பாசறையில் இருக்கிறான், யாருக்கும் பெயர் இல்லை. ஆனாலும் அது அகமா புறமா என்று உரைகாரர் காலத்திலிருந்து கேள்வி. காரணம், அந்தப் பாட்டில் வருகிற வேலில் வேம்பு சூட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் பூ. பெயரே சொல்லாமல் ஆள் பிடிபட்டுவிட்டான். அந்த ஒரு பூவைத்தான் இன்றைக்கு மெட்டாடேட்டா என்கிறார்கள்.

அம்பலும் அலரும் என்னவாம்? தலைவனும் தலைவியும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஊர்ப்பெண்கள் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. யார் எந்தப் பக்கம் போனார், எந்த நேரம் திரும்பினார், கூட யார் இருந்தார் என்பதை வைத்தே கதையைக் கட்டிவிட்டார்கள். முதலில் முணுமுணுப்பு, அது அம்பல். பிறகு ஊர் வாய்க்கு வந்த பேச்சு, அது அலர். அதன் முடிவில் இற்செறிப்பு. பெண்ணை வீட்டுக்குள் அடைத்துவிட்டார்கள். உள்ளடக்கம் ஒரு வரிகூடக் கசியாமல் ஒரு வாழ்க்கை அடைபட்டுப்போகும் என்பதை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறோம்.

இது பழங்கதை இல்லை. 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் தன் தோழியோடு பேசிக்கொண்டிருந்தார் கோகுல்ராஜ். அவர் தலித், தோழி வேறு சாதி. அவர்கள் என்ன பேசினார்கள் என்று கொலைகாரர்களுக்குத் தெரியாது, தெரியத் தேவையும் இல்லை. யாரோடு யார் என்பது மட்டும் தெரிந்தது. அவரைக் கடத்திக் கொன்று தண்டவாளத்தில் போட்டார்கள். தமிழ்நாட்டில் உயிரை எடுக்கிற தகவல் பெரும்பாலும் உள்ளடக்கம் இல்லை. யார், யாரோடு, எத்தனை மணிக்கு என்பதுதான். அந்தத் தகவலை ‘மட்டும்தானே’ என்று ஒருவர் சொன்னால், அவர் இந்த மண்ணில் வாழவில்லை என்றுதான் அர்த்தம்.

*

இனி, என்னால் சுலபமாகத் தள்ளிவிட முடியாத வாதத்துக்கு வருகிறேன். பெண்கள் பாதுகாப்பு. மார்ஃபிங் செய்த படம், மிரட்டல், பழிவாங்க வெளியிடப்படும் வீடியோ. ஒரு பெண்ணியத் தோழி என்னிடம் நேராகவே கேட்டார்: “உங்க பிரைவசி தத்துவமெல்லாம் சரி தோழர். இவனுங்க பொம்பளைங்க படத்தப் போட்டுட்டு என்க்ரிப்ஷனுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறானுங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க?”

கோபம் நியாயமானது. ஆனால் அவருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். முனைக்கு முனை என்பதில் ஒரு முனை அந்தப் பெண். மிரட்டல் அவரிடம் வந்து சேர்ந்துவிட்டது, பூட்டு அவர் கையில் திறந்துவிட்டது. செய்தி, எண், நேரம் எல்லாம் அவர் கைபேசியில் இருக்கின்றன. அதைக் காவல் நிலையத்துக்கு எடுத்துப் போகக் குறியாக்கம் ஒருபோதும் தடையாக நிற்பதில்லை. வாட்ஸ்அப்பிலேயே ஒருவரைப் புகார் செய்தால் அவரிடமிருந்து கடைசியாக வந்த செய்திகள் நிறுவனத்துக்குப் போகின்றன. தடை வேறு இடத்தில் இருக்கிறது. புகார் எழுதுகிற மேசையில் இருக்கிறது.

பொள்ளாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019இல் ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தார். செய்தியாளர்கள் முன்னால் அவர் பெயரைச் சொன்னவர் காவல்துறை உயர் அதிகாரி. வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் அடையாளம் வெளியானது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஆறு வருஷம் கழித்து, 2025 மே மாதம், ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. யாருடைய குறியாக்கத்தையும் உடைக்காமலேயே கிடைத்தது. பெயரை ஊருக்குச் சொன்ன பிறகும் சாட்சி சொல்ல வந்த பெண்களால் கிடைத்தது.

அண்ணா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் அந்த வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். முதல் தகவல் அறிக்கை, அந்தப் பெண்ணின் விவரங்களோடு இணையத்தில் வெளியாகிவிட்டது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். இந்த முறையும் நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. ஐந்தாறு வருஷ இடைவெளியில், இரண்டு வேறு வேறு ஆட்சிகள், ஒரே குற்றம், ஒரே தொகை. தன்னை நம்பி வந்த பெண்ணின் பெயரை ஒரு வாரம் பத்திரமாக வைத்திருக்கத் தெரியாத அமைப்பிடம் 40 கோடிப் பேரின் முத்திரையைக் கொடு என்கிறார்கள். எந்த நம்பிக்கையில்?

கோகுல்ராஜ் வழக்கிலும் ஒரு பாடம் இருக்கிறது. முதன்மைக் குற்றவாளி யுவராஜ் தலைமறைவாக இருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளை வெளியிட்டுக்கொண்டே இருந்தார். சொந்தக் குரல், சொந்தப் பெயர். முதல் அனுப்புநர் யார் என்று தமிழ்நாட்டில் யாருக்காவது சந்தேகம் இருந்ததா? ஆனாலும் பிடிக்க முடியவில்லை. நூறு நாளுக்கும் மேல் கழித்து அவராகவே வந்து சரணடைந்தார். ஆளைத் தெரியாதது நம் பிரச்சினையாக இருந்த வழக்குகளைவிட, ஆளைத் தெரிந்தும் தொடாமல் விட்ட வழக்குகள்தான் அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

*

‘நீதிமன்ற உத்தரவு இருந்தால்தானே கேட்பார்கள்’ என்று இன்னொரு சமாதானம். இல்லை. 4(2) விதியின்படி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின் கீழ் அதிகாரம் பெற்றவரும் உத்தரவிடலாம். அவர் நீதிபதி இல்லை, உள்துறைச் செயலாளர். அதே 69ஆம் பிரிவின் கீழ், குறியாக்கத்தை அவிழ்க்க உதவ மறுப்பவருக்கு ஏழாண்டு வரை சிறை உண்டு.

இந்தச் செயலாளர் எவ்வளவு கவனமாகக் கையெழுத்துப் போடுவார்? ஒன்றிய உள்துறை தகவல் உரிமைச் சட்டத்தில் கொடுத்த ஒரு பதில் உண்டு. அதன்படி தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு மாதம் 7,500 முதல் 9,000 உத்தரவுகள். ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளியும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் நாளுக்கு 250, 300 வருகிறது. அந்த உத்தரவுகளைச் சரிபார்க்க வேண்டிய மறுஆய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும். ஒரு கூட்டத்தில் அது பார்க்க வேண்டியவை 15,000 முதல் 18,000 உத்தரவுகள் என்று 2018இல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழுவின் அறிக்கையே சொன்னது. இதைப் பரிசீலனை என்று யாராவது சொன்னால், ரேஷன் கடை வரிசையில் நிற்கிற பாட்டிகூடச் சிரிப்பார்.

பெகாசஸ் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு குழு அமைத்தது. 29 கைபேசிகளைச் சோதித்தார்கள். ஐந்தில் ஏதோ ஒரு தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்திலேயே சொல்லப்பட்டது. நாட்டின் உச்ச நீதிமன்றம் கேட்டே பதில் சொல்லாதவர்கள், நீங்களும் நானும் கேட்டா சொல்லப்போகிறார்கள்?

நம்பிக்கைக்கு ஒன்று உண்டு. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். அப்படி ஓர் உரிமையே கிடையாது என்று அதே வழக்கில் முன்பு வாதிட்டது இந்திய அரசு. அந்தத் தீர்ப்பின் வழியில், 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ சம்பந்தப்படாமல், சாதாரணக் குற்றத்தைத் துப்புத் துலக்குவதற்காக ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க முடியாது என்று சொல்லி, 2011ஆம் ஆண்டின் உத்தரவு ஒன்றை ரத்துசெய்தார். ஏழு வருஷம் முன்பு ‘யார் அனுப்பினார்’ என்ற தேடல் வளர்ந்த அதே வளாகத்தில் இந்தத் தீர்ப்பும் வந்திருக்கிறது. நாம் கொண்டாடியிருக்க வேண்டும். நம் டைம்லைனில் அன்றைக்கு எந்தப் பட விமர்சனம் ஓடியதோ.

*

‘எனக்கு மறைக்க ஒன்னுமில்லப்பா.’

இந்த வாக்கியத்தைச் சொன்னவர்களை ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். என் பட்டியலில் பெரும்பாலும் ஆண்கள், நிரந்தர வேலையில் இருப்பவர்கள், தங்கள் கைபேசியை வீட்டில் யாரும் எடுத்துப் பார்த்துவிட முடியாதவர்கள். மறைக்க ஒன்றுமில்லை என்பது நேர்மையின் அடையாளம் இல்லை, வசதியின் அடையாளம். காதலிப்பதை மறைக்க வேண்டியிருக்கிற பெண்ணைக் கேளுங்கள். தன்பாலீர்ப்பை வீட்டில் சொல்ல முடியாதவரைக் கேளுங்கள். முதலாளிக்குத் தெரியாமல் சங்கம் சேர்க்கிற தொழிலாளியைக் கேளுங்கள்.

நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பிரைவசிக்கு நாம் வெகுகாலம் வைத்திருந்த சொல் அந்தரங்கம். அந்தச் சொல்லைச் சொன்னதும் மருத்துவர் பதில் பகுதியும் கிசுகிசுப் பத்தியும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தரங்கம் என்றால் வெட்கப்பட வேண்டிய ஏதோ ஒன்று என்று ஆகிவிட்டது. தனியுரிமை என்ற சொல் வந்த பிறகும் அந்த வாடை போகவில்லை. விடுதியில் காப்பாளர் மாணவிகளின் கைபேசியை வாங்கிப் பார்ப்பதும், கல்யாணம் நிச்சயமானவுடன் மாப்பிள்ளை பாஸ்வேர்டு கேட்பதும், அண்ணன் தங்கையின் கால் ஹிஸ்டரியைப் புரட்டுவதும் நமக்கு அக்கறையாகத் தெரிகின்றன. அரசின் கண்காணிப்பை எதிர்க்க நம்மால் முடியாததற்கு இதுதான் அடிப்படைக் காரணம். 2021 அக்டோபரில் ஹைதராபாத் போலீஸ் சாலையில் போகிறவர்களை நிறுத்தி, வாட்ஸ்அப்பில் ‘கஞ்சா’ என்று தேடச் சொன்னபோது பெருவாரியானவர்கள் எடுத்துக் காட்டினார்கள். வீட்டில் பழகிய கைதானே.

பெயர் தெரியாமல் எழுதுவது கோழைத்தனம் என்று ஒரு வீர வசனமும் உண்டு. மொட்டைக் கடுதாசியை மறந்துவிட்டார்களா? அதில் அவதூறும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். நல்ல சம்பந்தங்களைக் கெடுத்த மொட்டைக் கடுதாசிகள் ஏராளம். ஆனால் பண்ணையாரின் அட்டூழியத்தைக் கலெக்டருக்குச் சொன்னதும், சத்துணவு அரிசி கடத்தலைப் பத்திரிகைக்குச் சொன்னதும் அதே கடுதாசிதான். அதற்காகத் தபால்பெட்டி ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆளை நிறுத்தி, போடுகிறவன் பெயரை எழுதி வைக்கச் சொல்லி எந்த அரசும் ஆணையிடவில்லை. எழுதியவரைத் தேட வேண்டுமென்றால் கையெழுத்தைப் பார்த்தார்கள், முத்திரையைப் பார்த்தார்கள், ஆட்களை விசாரித்தார்கள். அதாவது, வேலை செய்தார்கள்.

*

‘அப்படியானால் மெட்டா கம்பெனிக்கு வக்காலத்தா?’ என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. நாம் யாரோடு, எப்போது, எவ்வளவு பேசுகிறோம் என்ற கணக்கை வைத்துப் பிழைக்கும் கம்பெனி அது. 2021இல் பயனர்கள்மேல் திணித்த தனியுரிமைக் கொள்கைக்காக, 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் அதற்கு 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது. எனக்கு மகிழ்ச்சிதான். கம்பெனியிடமிருந்து என்னைக் காப்பாற்றும் சட்டம் வேண்டும், அரசிடமிருந்து காப்பாற்றும் பூட்டும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பவர் என் நண்பர் இல்லை. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கே தந்துவிட்டது. போதாததற்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவையும் கடித்துக் குதறியது. மக்களுக்குத் தனியுரிமை, அரசுக்கு வெளிப்படைத்தன்மை என்றிருக்க வேண்டியதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறார்கள்.

போராட வேண்டியது ஒருபக்கம், அதுவரை நம் வீட்டைப் பூட்டிக்கொள்வது இன்னொரு பக்கம். டெலிகிராம் பாதுகாப்பானது என்று நம்மில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறோம். அதில் சாதாரண உரையாடலுக்கு முனைக்கு முனை குறியாக்கம் கிடையாது, குழுக்களுக்குக் கிடையவே கிடையாது. தனியாக ‘ரகசிய உரையாடல்’ தொடங்கினால்தான் உண்டு. வாட்ஸ்அப்பில் பேசியதை கூகுள் டிரைவில் காப்புப் பிரதி எடுக்கும்போது, அதற்கான குறியாக்கத்தை நீங்களாகப் போய் இயக்காவிட்டால், முன்வாசலைப் பூட்டிச் சாவியைத் திண்ணையில் வைத்த கதைதான். சிக்னல் செயலியிடம் 2016இல் அமெரிக்க நீதித்துறை ஒரு பயனரின் விவரம் கேட்டது. கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள், இவ்வளவுதான் அவர்களிடம் இருந்தது, அதைக் கொடுத்தார்கள். சேர்த்து வைக்காததை யாராலும் பிடுங்க முடியாது. எந்தச் செயலியை நம்பலாம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் ஒரே அளவுகோல் அது.

இலக்கிய நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. முகநூலில் ஒரு சண்டை வந்தால், மறுநாள் இன்பாக்ஸ் ஸ்கிரீன்ஷாட் வருகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நட்பாக இருந்தபோது எழுதிய வரியைச் சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டுகிறோம். துன்புறுத்தப்பட்ட பெண் தனக்கு வந்ததை வெளியே காட்டுவது சாட்சியம், அதைச் சொல்லவில்லை. விவாதத்தில் தோற்கிறபோது நம்பிச் சொன்னதை எடுத்து வீசுகிறோமே, அதைச் சொல்கிறேன். அலர் தூற்றுவதற்கு நமக்கு அரசு தேவைப்படுவதில்லை. இதைச் செய்துகொண்டே கண்காணிப்பு அரசியலைப் பற்றிக் கட்டுரை எழுதினால் யார் மதிப்பார்கள்?

கேட்க வேண்டியவை மூன்றுதான். 4(2) விதி போக வேண்டும். ஒட்டுக்கேட்கும் உத்தரவில் கையெழுத்துப் போடுபவர் நீதிபதியாக இருக்க வேண்டும். ஒட்டுக்கேட்கப்பட்டவருக்கு, விசாரணை முடிந்த பிறகாவது, அது தெரிவிக்கப்பட வேண்டும். இவற்றில் எதுவும் புரட்சி இல்லை. 2025 டிசம்பர் தொடக்கத்தில், எல்லாப் புதுக் கைபேசிகளிலும் சஞ்சார் சாத்தி செயலியை முன்கூட்டியே பதிந்து விற்க வேண்டும் என்ற உத்தரவு, எதிர்ப்பு எழுந்த சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2015இல், குறியாக்கம் செய்த செய்திகளின் மூல வடிவத்தை 90 நாள் வைத்திருந்து கேட்டால் காட்ட வேண்டும் என்ற வரைவுக் கொள்கையும் இப்படித்தான் சத்தம் வந்ததும் ஓடிப்போனது. சத்தம் போட்டால் பின்வாங்குகிறார்கள். இந்த விதிக்கு மட்டும் இன்னும் நாம் சத்தம் போடவில்லை.